மருதானையில் ஓர் அறை

யாழ்ப்பாண ரயில் ராகமையைத் தாண்டியதும் பெட்டிக்குள் ஆட்கள் எழும்பத் தொடங்குவார்கள். மேல்தட்டிலிருந்து பைகள் இறங்கும். முருங்கைக்காய்க் கட்டு, பனங்கட்டிக் குட்டான், உரப்பையில் கட்டிய தேங்காய் எல்லாம் கதவடிக்கு நகரும். களனி கங்கைப் பாலத்தைக் கடந்து, தெமட்டகொடையையும் விட்டு, ரயில் மெல்ல மருதானைக்குள் நுழையும். அடுத்தது கோட்டை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், வழி முழுக்க வாய் திறக்காமல் வந்தவர்கள்கூடப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்: "கொழும்பிலை எங்கை நிக்கிறியள்?"

வெள்ளவத்தை என்று சொல்பவர்களே அதிகம். கொட்டாஞ்சேனை என்று சிலர் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பொரளை என்பார்கள். இந்த நகரத்துக்கு 15 தபால் வலயங்கள். நாங்கள் அவற்றை இலக்கத்தாலேயே பேசிப் பழகியவர்கள். கொழும்பு ஆறு வெள்ளவத்தை, பதின்மூன்று கொட்டாஞ்சேனை, ஏழு கறுவாத்தோட்டம். பத்து என்பது மருதானை. இந்த முறை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை மூன்றிலும் மாறி மாறித் தங்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்துத்தான் புறப்பட்டேன். மருதானையில் தங்கப் போகிறேன் என்றதும் முன் இருக்கையில் இருந்த அக்கா முகத்தைச் சுருக்கினார். "ஏன் தம்பி, அங்கை உங்களுக்கு ஒருத்தரும் இல்லையே?"

அதே கேள்வியைப் பொலிஸும் கேட்ட காலம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பு லொட்ஜுகளில் அடைந்து கிடந்தார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருக்க வேண்டும். காவலரணில் முதல் கேள்வி எங்கே தங்கியிருக்கிறாய், இரண்டாவது கேள்வி ஏன் தங்கியிருக்கிறாய். 2007 ஜூன் 7 ஆம் திகதி, தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலான பஸ்கள் வவுனியாவுக்குப் போயின. மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஒரு நகரத்தில் ஓர் இரவு தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்த தலைமுறை எங்களுடையது. அதனால் எந்தப் பேட்டையில் தங்குவது என்பதை உல்லாசப் பயணிகளைப் போல வெறும் வசதிக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீடு ஒரு தொடர்மாடியின் மேல்தட்டில் இருக்கிறது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் அதுவும் ஒன்று. காலையில் கீழே இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மரக்கறிக் கடை வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பக்கத்தில் ஒடியல் மா, புழுக்கொடியல், வறுத்த மிளகாய்த்தூள். ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய்வரும் பெண்கள், சாப்பாட்டுக் கடையில் இடியப்பப் பார்சலுக்கு நிற்கும் பிள்ளைகள். சொதியின் மணம் சந்திவரை வரும். ஆடி ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களால் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைந்துவிடும். கல்யாண மண்டபங்களுக்கு நாள் கிடைக்காது.

பின்னேரம் கரையோர வீதிக்குப் போவேன். வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. பாதைக்கு அப்பால் கருங்கல் அணை. வெயில் தாழ்ந்ததும் வயதான தம்பதிகள் வந்து உட்காருவார்கள். ஒரு அம்மா தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். "இஞ்சை பார் பிள்ளை, ரயில் வருது" என்று அவர் சொல்லவும் ரயில் வந்து குரலை மூடியது. அது போய் முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். பக்கத்தில் இருந்த ஐயா அதுவரை அசையாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் இந்த ஊரில்தான், முன்பு 57ஆவது ஒழுங்கை என்றிருந்த உருத்திரா மாவத்தையில் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம். அதன் நூலகத்துக்குள் ஒருமுறை போனால் அரைநாள் போய்விடும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் நடந்துபோகும் தூரத்தில். தமிழ் படித்துக்கொண்டு, தமிழ்ச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, தமிழில் மட்டுமே பேசிக்கொண்டு ஒரு வாரத்தை இங்கே ஓட்டிவிடலாம்.

இந்த அமைதி எளிதில் வந்ததல்ல. 1983 ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட தீ மறுநாள் இந்த ஒழுங்கைகளுக்குள் வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்களில் பலர் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களுக்குப் பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வந்தார்கள். பழைய தனிவீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. 1933இல் பெரிய வேலைநிறுத்தம் கண்ட வெள்ளவத்தை நெசவாலை நின்ற காணியில் இப்போது ஹெவ்லொக் சிட்டியின் கோபுர வீடுகள் நிற்கின்றன. ஆலைச் சங்கின் ஒலி கேட்டு எழும்பிய நாட்களைச் சொல்லக்கூடியவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள்.

ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த மருமகன் ஒருவன் இரவுச் சாப்பாட்டில் கியோத்தோவைப் பற்றிச் சொன்னான். 794ஆம் ஆண்டிலிருந்து 1868 வரை அரச தலைநகராக இருந்த ஊர். போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கேயும் இதே குழப்பம்தானாம்: ரயில் நிலையப் பக்கத்துப் புது ஹோட்டலா, கியோன் பக்கத்துப் பழைய வீதியா? மச்சியா என்னும் பழைய மரவீடுகள் பல விடுதிகளாக மாறிவிட்டன. கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தவர்களின் தொல்லை தாங்காமல் கியோன் மக்கள் 2024இல் தங்கள் தனியார் ஒழுங்கைகளை உல்லாசப் பயணிகளுக்கு மூடினார்கள். மீறி நுழைந்தால் பத்தாயிரம் யென் தண்டம். விருந்தாளி கூடக்கூட வீட்டுக்காரர் குறைந்துபோன பேட்டைகள் அங்கே இருக்கின்றன என்று அவன் சொன்னபோது, எங்கள் தட்டிலேயே எதிர்ப்பக்கமாகப் பூட்டிக் கிடந்த இரண்டு கதவுகள் நினைவுக்கு வந்தன. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வருடத்தில் ஒருமுறை, ஆடி மாதத்தில் வருவார்கள். மற்ற மாதங்களில் அந்த வீடுகளில் விளக்கு எரியாது.

வெள்ளவத்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே நிற்கும்வரை யாழ்ப்பாணத்தை விட்டு நான் வெளிக்கிடவே இல்லை என்ற எண்ணம் போகவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் புறக்கோட்டை வழியாக நடந்து போவதே நல்லது. செட்டியார் தெருவில் நகைக்கடைக் கண்ணாடிகளின் பளபளப்புக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் நிற்கின்றன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியவை. ஆடிவேல் ரதம் இந்தத் தெருவிலிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். கொழும்பின் வடக்கையும் தெற்கையும் ஒரே கயிற்றில் இழுத்துச் சேர்த்த திருவிழா அது. சிங்களவரும் முஸ்லிம்களும் வீதியோரம் நின்று பார்த்த அந்த ரதம் 1983க்குப் பிறகு சில வருடங்கள் ஓடவில்லை. பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கியது. ஐந்துலாம்புச் சந்தியைத் தாண்டி ஜம்பட்டா வீதிக்குள் திரும்பினால் கொட்டாஞ்சேனை வந்துவிடும்.

இங்கே பேச்சு மாறிவிடும். "வாங்க அண்ணே, உள்ள வாங்க" என்று அறைச் சாவியைக் கொடுத்தவரின் பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எதிர்க் கடைக்காரரின் ஊர் பதுளைத் தோட்டம். மேல்வீட்டில் பரதகுலக் கத்தோலிக்கக் குடும்பம். பின்னால் சிங்களக் கிறிஸ்தவர்கள். அடுத்த முடுக்கில் முஸ்லிம்கள். தமிழில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஆட்டுப்பட்டித்தெருவில் ஒரு காலை நேரத்தில் காதில் விழும். எங்கள் பேச்சைக் கேட்டதும் "யாழ்ப்பாணமா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் நான் அதிக நேரம் இருந்தேன். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 அளவில் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியே லொறிகளின் இரைச்சலும் வெயிலும். வாசலைத் தாண்டியதும் காலடியில் கல்லின் குளிர் ஏறுகிறது. தூண்களில் எண்ணெய் பிடித்துக் கறுத்த இடங்களை விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். உளியின் கோடுகள் அந்த எண்ணெய்க்குள்ளும் தெளிவாகத் தெரிகின்றன. வெளிச்சம் கம்மி. விளக்கின் சுடர் தூணுக்குத் தூண் தாவிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். கோயிற்பணி செய்யும் வயதானவர் ஒருவர் வந்து, "ஐயா, மழைக்காலத்தில வந்து பாருங்க, கல்லு வேர்க்கும்" என்றார்.

விவேகானந்தர் இந்தச் சிவன் கோயிலுக்கு வந்திருக்கிறார். மேற்கு நாடுகளிலிருந்து திரும்பும் வழியில் 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கியபோது, இராமநாதனின் அண்ணன் பொ. குமாரசுவாமி முன்னின்று அவரை வரவேற்றார். தங்கவைத்தது கறுவாத்தோட்டத்துப் பங்களா ஒன்றில். பிறகு அந்தப் பங்களாவுக்கு விவேகானந்தா லொட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். அவர் வணங்கியது கருங்கல் திருப்பணிக்கு முந்திய பழைய கோயிலை. 1902இல் கொழும்பில் விவேகானந்த சபை தொடங்கியது. சபை நிற்கும் மேட்டுக்கும் விவேகானந்தா மேடு என்றே பெயர். கறுவாத்தோட்டத்தில் தங்கிய விருந்தாளியின் பெயரைக் கொட்டாஞ்சேனை தன் மேட்டுக்கு வைத்துக்கொண்டது.

இந்தப் பேட்டையில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு வழிபாட்டிடம் வந்துவிடும். ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் தடித்த சுவர்களோடு மேட்டில் நிற்கிறது. புனித லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடம் எந்தச் சந்திலிருந்தும் தெரியும். கொஞ்சம் தள்ளித் தீபதுத்தாராமய விகாரை. 1883 உயிர்த்த ஞாயிறன்று அந்த விகாரைக்குப் போன பெளத்த ஊர்வலமும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டதை இலங்கை வரலாற்றுப் புத்தகங்கள் கொட்டாஞ்சேனைக் கலவரம் என்று எழுதுகின்றன.

இன்னொரு உயிர்த்த ஞாயிறை இங்குள்ளவர்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் பூசை நடக்கும்போது குண்டு வெடித்தது. நாடு முழுவதும் அன்று 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூன் மாதம் ஆலயம் திரும்பவும் திறந்தது. நான் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அந்தோனியாருக்கு உகந்த நாள். வரிசையில் எனக்கு முன்னால் குங்குமம் வைத்த ஒரு தாய், பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டி. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் கொச்சியிலிருந்து மறைந்து வந்த அந்தோனி என்னும் குருவானவரின் கதையை, தன் தாத்தா சொன்ன கதைபோல அந்தப் பாட்டி எனக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பாதி விளங்கியது. விளங்காத இடங்களைக் குங்குமம் வைத்த தாய் தமிழில் சொல்லித் தந்தார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வரலாற்று நகரத்தைக் காண வருகிறவர் எதிர்பார்ப்பதெல்லாம் இருக்கிறது. அங்கேயே தங்கிவிடுங்கள் என்று இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன், அதன்பின் மருதானைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

மருதானையை எந்த வழிகாட்டிப் புத்தகமும் தங்கச் சொல்லாது. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள், கறுத்த எண்ணெய் படிந்த நடைபாதை, இடைவிடாத பஸ் ஹோர்ன். என் அறை ஒரு கடைக்கு மேலே. கீழே ஒரு பெரியவர் ஸ்டூலில் இருந்துகொண்டு, மண்ணெண்ணெய்த் தட்டில் பெயாரிங்குகளைக் கழுவித் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றுவார். சத்தம் சரியென்றால் வலப்பக்கம் வைப்பார், சரியில்லையென்றால் இடப்பக்கம். வாங்க வந்தவர் சிங்களத்தில் விலை கேட்பார், பெரியவர் சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் பையனிடம் தமிழில் சாமான் கேட்பார். என்னைப் பார்த்து, "மேல் அறையில ஈக்கிறது நீங்களா மகன்? பிளேன்டீ குடிச்சீங்களா?" என்றார். நான் யார், எந்த ஊர், ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்த அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1911இல் திறந்த டவர் ஹோல். சிங்கள நூர்த்தி நாடகத்தின் தாய்வீடு. அந்த மேடையில் ஒலித்த ஜோன் டி சில்வாவின் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர் வட இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லெளஜி. எல்பின்ஸ்டன் அரங்கும் பக்கத்திலேயே. 1886இல் புறக்கோட்டையில் பிறந்து இங்கே குடியேறிய ஆனந்தா கல்லூரி பெளத்த மறுமலர்ச்சியின் பிள்ளை. அதற்கு அண்மையில், 1892இல் தொடங்கிய சாகிராக் கல்லூரி.

சாகிராவின் முன்னால் நான் நின்றது கட்டடத்துக்காக இல்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சித்தி லெப்பை, தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவர். அவரோடு சேர்ந்து கல்லூரியைத் தொடக்கிவைத்த ஒராபி பாஷா, எகிப்திலிருந்து பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட போராளி. 1948 முதல் 1961 வரை அதிபராக இருந்த ஏ. எம். ஏ. அசீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி இந்தக் கல்லூரியில் படித்து, பின்னர் இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். எங்கள் தமிழாராய்ச்சியின் பெரிய தூண் ஒன்று ஒரு முஸ்லிம் கல்லூரியின் வகுப்பறையில் வளர்ந்தது. "அங்கை உங்களுக்கு ஒருத்தரும் இல்லையே" என்று ரயிலில் கேட்ட அக்காவிடம் இதை எல்லாம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

பொரளைப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போனால் தமிழ் யூனியன் கழகத்தின் கிரிக்கெட் மைதானம். இன்று பி. சரவணமுத்து மைதானம் என்று பெயர். கழகம் 1899இல் தொடங்கியது. 1948இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் பிராட்மன் ஆடியதும், 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியதும் அங்கேதான்.

மாலையில் கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். கொழும்பின் பழைய சைவக் கோயில்களில் ஒன்று. ரயில் பாதைகளுக்கு அருகே ஒதுங்கியிருப்பதால் வெளியூர்க்காரர் கண்ணில் படுவதில்லை. பூசை நடந்துகொண்டிருந்தபோது ஒரு ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது. ஐயர் மணியை நிறுத்தவில்லை, நின்றிருந்த யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. நெற்றியில் திருநீற்றோடு ரயில்வேச் சீருடையில் ஒருவர் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். திரும்பும் வழியில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் பாபத்துக் கறியும் சாப்பிட்டேன். கடைசியாக வட்டிலப்பம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே, 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது.

இரவில் அறைக்குள் சத்தம் ஓயாது, உண்மைதான். நிலையத்தின் ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். காங்கேசன்துறை, மட்டக்களப்பு, பதுளை, மாத்தறை. இந்த நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகின்றன. யாருக்கும் முழுச் சொந்தம் இல்லாத பேட்டை இது. அதனால்தான் ஆனந்தாவும் சாகிராவும் டவர் ஹோலும் கைலாசநாதரும் பஞ்சிகாவத்தைக் கடைகளும் இங்கே அடுத்தடுத்து இடம் பிடித்துக்கொண்டன என்று நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளோடோ வயதான பெற்றோரோடோ போகிறவர்கள் வெள்ளவத்தையிலேயே தங்குங்கள். சாப்பாட்டுக்கும் வைத்தியருக்கும் அலைய வேண்டாம். கோயில்களையும் தேவாலயங்களையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொட்டாஞ்சேனை. கொழும்பு எப்படிப்பட்ட நகரம் என்று அறிய விரும்புகிறவர்கள் ஓர் இரவையாவது மருதானையில் கழியுங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் மாமாவும் மாமியும் கோபிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களிடம் போய்விடலாம். மருதானையில் ஏறினால் கரையோர ரயில் நேரே வெள்ளவத்தையில் இறக்கிவிடும்.